பெரியவரின் லீவர் ரைஃபிளா, கடைக்காரர் காட்டிய செமி ஆட்டோமேட்டிக்கா?

கேள்வி: ஐயா, எனக்கு 47 வயது. பென்சில்வேனியாவில் ஹாரிஸ்பர்க் அருகே 12 ஆண்டுகளாகக் குடும்பத்தோடு வசிக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்குப் பாட்டர் கவுண்டியில் ஒரு வேட்டைக் குடில் இருக்கிறது. நவம்பர் கடைசியில் தொடங்கும் மான் வேட்டைக்கு என்னையும் அழைத்திருக்கிறார். பயிற்சி வகுப்பை முடித்து உரிமமும் வாங்கிவிட்டேன். துப்பாக்கி மட்டும் இல்லை. 1951-ல் செய்த தன் வின்செஸ்டர் 94 லீவர் ரைஃபிளை எனக்கு விற்பதாகப் பெரியவர் சொல்கிறார். கடையில் விசாரித்தால், "அது தாத்தா காலத்துப் பொருள். 308 தோட்டா போடும் பிரவுனிங் பார் (BAR) செமி ஆட்டோமேட்டிக் வாங்குங்கள், இரண்டாவது குண்டு உடனே போகும்" என்கிறார்கள். டெக்சாஸில் இருக்கும் என் மைத்துனர் வேறு காட்டுப்பன்றி வேட்டைக்கு அழைத்துக்கொண்டே இருக்கிறார். நான் இடக்கைக்காரன். படிக்கக் கண்ணாடி தேவைப்படுகிறது. வீட்டில் 10 வயது மகள் இருக்கிறாள். ஒரே ஒரு துப்பாக்கிதான் வாங்குவேன். எதை வாங்கலாம்?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

கடைக்காரர் முதலில் சொல்லியிருக்க வேண்டியதை நான் சொல்லிவிடுகிறேன். பென்சில்வேனியாவில் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளால், அதாவது சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளால், மானைச் சுடக் கூடாது. வேட்டை விதிகளை வகுக்கும் மாநிலத்தின் கேம் கமிஷனுக்கு இதை முறைப்படுத்தும் அதிகாரம் 2016-ல் கிடைத்தது. 2017-ல் அது அணில், முயல் போன்ற சிறு விலங்குகளுக்கும் கொயோட், நரி போன்றவற்றுக்கும் செமி ஆட்டோமேட்டிக்கை அனுமதித்தது. மான், கரடி போன்ற பெரிய விலங்குகளுக்கும் அனுமதிக்கலாமா என்று யோசித்து, வேட்டைக்காரர்களின் கருத்தைக் கேட்ட பிறகு அதைக் கைவிட்டது. மானுக்கு ரைஃபிள் எடுத்துப் போனால் அது கையால் இயக்கும் ரைஃபிளாக இருக்க வேண்டும். அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் நீங்களே லீவரையோ (விசைக்குக் கீழே உள்ள கைப்பிடி) போல்ட்டையோ (குழலின் பின்பக்கத்தை மூடும் இரும்புத் தண்டு) இழுத்துத் தள்ள வேண்டும். விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியவை. அதனால் கமிஷன் இந்தப் பருவத்துக்கு வெளியிட்டிருக்கும் விதிக் கையேட்டை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். கடைக்காரர் பேச்சை நம்பிப் பணத்தைக் கொடுத்திருந்தால், வேட்டையின் முதல் நாள் காலையிலேயே நீங்கள் சட்டத்தை மீறியவராகியிருப்பீர்கள். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. வாங்குகிறவர் எங்கே, எதை வேட்டையாடப் போகிறார் என்று கேட்காமல் துப்பாக்கி விற்கக் கூடாது.

அப்படியானால் லீவர் ரைஃபிள்தான் என்று இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் டெக்சாஸ் இருக்கிறது, உங்கள் இடக்கை இருக்கிறது, கண் இருக்கிறது. அதைவிட, "இரண்டாவது குண்டு உடனே போகும்" என்ற அந்தப் பேச்சை அப்படியே விட எனக்கு மனமில்லை. 30 ஆண்டுகளாகத் துப்பாக்கி பழுதுபார்த்து வருகிறேன். அந்த ஒரு வாக்கியத்தை நம்பி வாங்கியவர்களின் துப்பாக்கிகள் நிறைய என் மேசைக்கு வந்திருக்கின்றன.

நீங்கள் இரண்டு எதிரெதிர்ப் பொருள்களாக எண்ணும் இந்த இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். வின்செஸ்டர் 94-ஐ வடிவமைத்தவர் யூட்டா மாநிலத்து ஆக்டன் ஊரைச் சேர்ந்த ஜான் மோசஸ் பிரவுனிங். அவருடைய அப்பாவும் துப்பாக்கிக் கம்மியர்தான். ரைஃபிள் 1894-ல் வந்தது. புகையில்லா வெடிமருந்து அடைத்த 30-30 தோட்டா அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. அமெரிக்க வேட்டைக்காரர்களின் கையில் அந்த ஜோடி ஒரு நூற்றாண்டு நிலைத்துவிட்டது. 70 லட்சத்துக்கும் மேல் செய்திருக்கிறார்கள். 1967-ல் வந்த பார் செமி ஆட்டோமேட்டிக் வேட்டை ரைஃபிளை வடிவமைத்தவர் அதே ஜானின் பேரன் புரூஸ் பிரவுனிங்.

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. 1889-ல் ஒரு நாள், சுடும் இடத்தில், குழல் வாயிலிருந்து பீறிடும் காற்றில் முன்னாலிருக்கும் புல் படுத்து எழுவதை ஜான் பிரவுனிங் கவனித்தார். வீணாகப் போகும் அந்த வேகத்தைப் பிடித்து வேலை வாங்கினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போய், ஒரு பழைய வின்செஸ்டர் லீவர் ரைஃபிளின் வாயருகே ஒரு தகட்டைப் பொருத்தி, அதைக் கம்பியால் லீவரோடு இணைத்தார். குண்டு வெளியேறும்போது வாயு தகட்டைத் தள்ளியது, தகடு கம்பியை இழுத்தது, கம்பி லீவரைத் திறந்தது. வாயுவின் விசையில் தானே இயங்கும் துப்பாக்கிகளில் அவர் செய்த முதல் துப்பாக்கி அப்படி ஒரு லீவர் ரைஃபிளின் உடம்பில்தான் உருவானது. இன்றைய பார் ரைஃபிளில் குழலின் நடுவே ஒரு சிறு துளை வழியாகக் கொஞ்சம் வாயு கீழே இறங்கி ஒரு பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தப் பிஸ்டன் போல்ட்டைத் திறந்து, சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை வெளியே எறிகிறது. திரும்பி வரும் வழியில் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றுகிறது. உங்கள் கை செய்ய வேண்டிய வேலையை வாயு செய்கிறது, அவ்வளவுதான்.

இதனால் கிடைக்கும் நன்மை உண்மையானது, மறுக்க மாட்டேன். ஆனால் அது கடைக்காரர் சொன்ன நன்மை இல்லை. தோளில் உதை குறைகிறது என்பதுதான் அது. பிஸ்டனும் போல்ட்டும் பின்னோக்கிப் போகும் நேரத்தில் உதை கொஞ்சம் பரவி வருவதால், அடி போல விழாமல் தள்ளு போல வருகிறது. 308, 30-06 போன்ற தோட்டாக்களை நாள் முழுக்கச் சுட்டுப் பழக வேண்டியவருக்கும், தோள் அறுவை செய்துகொண்டவருக்கும், மெலிந்த உடம்புக்காரருக்கும் இது பெரிய உதவி. உதைக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு விசையை (டிரிகரை) இழுக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அதைப் போக்குவது மிகக் கடினம்.

இரண்டாவது குண்டின் வேகத்தைப் பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக் அடுத்த தோட்டாவைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏற்றிவிடுகிறது என்பது சரி. ஆனால் முதல் குண்டு போனதும் குழல் மேலே எழும்பும், தொலைநோக்கிக்குள் மான் இருக்காது. அது எந்தப் பக்கம் பாய்ந்தது என்று தேட வேண்டும். கிளைகளுக்கு நடுவே மறுபடி கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது, வேறு வேட்டைக்காரர் உடுத்திய ஆரஞ்சு நிறம் ஏதேனும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் நேரத்தில் பழகிய கை லீவரை இரண்டு முறை இழுத்து மூடிவிடும். மனிதனின் கண்ணும் மனமும்தான் நேரம் எடுக்கின்றன, இயந்திரம் இல்லை. வேகம் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் முதல் குண்டை அலட்சியமாகச் சுடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அந்த அலட்சியத்துக்கு விலை கொடுப்பது வயிற்றில் குண்டுபட்டுப் புதருக்குள் போய் இரவெல்லாம் துடிக்கும் மான்.

லீவர் ரைஃபிளிலும் இந்த இடத்தில் ஒரு குறை உண்டு, அது துப்பாக்கியுடையது அல்ல, பழகாத கையுடையது. லீவரைத் தயங்கித் தயங்கிப் பாதி வரை இழுத்து மூடினால் வெற்றுக் கூடு வெளியேறாது, அல்லது அடுத்த தோட்டா கோணலாகச் சிக்கிக்கொள்ளும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல், லீவர் அதற்கு மேல் போகாது என்று நிற்கும் வரை முன்னே தள்ளி, அதே வேகத்தில் மூட வேண்டும். வெடிமருந்து இல்லாத பயிற்சித் தோட்டாக்களை வாங்கி, வீட்டில் பாதுகாப்பான சுவரைப் பார்த்து நின்று தினமும் 20 முறை பழகுங்கள். மூன்று வாரத்தில் கை தானாகச் செய்யும்.

செமி ஆட்டோமேட்டிக்கில் வேறு வகையான சிக்கல் வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் முகம் வாடிப்போய் என் கடைக்கு வந்தார். நல்ல நிறுவனத்தின் ரைஃபிள், புதிதாக வாங்கியது. விடியற்காலை இருட்டில் மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, சத்தம் கேட்டு மான் விலகிவிடுமே என்று பயந்து, போல்ட்டைக் கையால் பிடித்து மெல்ல மெல்ல முன்னுக்கு விட்டிருக்கிறார். அந்த வகைத் துப்பாக்கியின் போல்ட் ஸ்பிரிங்கின் முழு வேகத்தோடு போய் அடித்து மூடினால்தான் பூட்டிக்கொள்ளும். மெல்ல விட்டதால் ஒரு நூல் அளவு மூடாமல் நின்றுவிட்டது. எட்டு மணிக்கு வந்த மானைக் குறிபார்த்து விசையை இழுத்தால் ஒன்றும் நடக்கவில்லை. துப்பாக்கியில் பழுது ஏதும் இருக்கவில்லை. நான் அதைத் துடைத்து, எப்படி மூட வேண்டும் என்று காட்டித் திருப்பிக் கொடுத்தேன். இன்னொன்று எண்ணெய். உறைபனியில் பிஸ்டனிலும் போல்ட்டிலும் தாராளமாகப் போட்ட எண்ணெய் மெழுகு மாதிரி இறுகி இயக்கத்தை மந்தமாக்கிவிடும். வாயுவோடு வரும் கரி பிஸ்டனில் படியும். பருவத்துக்கு ஒரு முறையாவது கழற்றித் துடைக்க வேண்டும். இதைச் செய்யப் பொறுமை இருப்பவருக்கு அது நம்பகமான கருவிதான். பெரியவரின் 94 இந்த விஷயத்தில் பெரிய கவனிப்பு எதையும் கேட்காது. மழையில் நனைந்தால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வைத்தால் போதும்.

தோட்டாவுக்கு வருகிறேன். உண்மையில் இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெரிய வித்தியாசம் இதில்தான் இருக்கிறது. 94-ல் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே உள்ள குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையாகப் படுத்திருக்கும். பின்னால் உள்ள தோட்டாவின் மூக்கு, முன்னால் உள்ளதன் பிரைமரை (அடிபட்டால் தீப்பற்றித் தோட்டாவை வெடிக்கவைக்கும், அடிப்பக்கத்துச் சிறு மூடியை) தொட்டுக்கொண்டு நிற்கும். மூக்கு கூராக இருந்து, உதையில் அது பிரைமரைக் குத்திவிட்டால் குழாயிலேயே வெடித்துவிடும். அதனால்தான் இதற்கான குண்டுகள் தட்டையான மூக்கோடு வருகின்றன. தட்டை மூக்குக் காற்றைப் பிளக்காமல் முட்டிக்கொண்டு போவதால் வேகம் சீக்கிரம் குறைகிறது. 150 கிரெயின் (ஏறக்குறைய 10 கிராம்) எடையுள்ள 30-30 குண்டு குழலை விட்டு நொடிக்குச் சுமார் 2,390 அடி வேகத்தில் கிளம்பும். 200 கஜத்தைத் தொடும்போது அந்த வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை இழந்திருக்கும். அதே எடையில் கூர்மூக்கோடு வரும் 308 குண்டு சுமார் 2,820 அடி வேகத்தில் கிளம்பி, வேகத்தையும் நன்றாகக் காப்பாற்றிக்கொள்ளும். இரண்டின் குறியையும் 100 கஜத்துக்குச் சரியாக அமைத்தால், 200 கஜத்தில் 308 ஏறக்குறைய 4 அங்குலம் கீழே விழும். 30-30 7 அல்லது 8 அங்குலம் விழும். மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி சுமார் 8 அங்குல அகலம்தான். நடு மார்புக்குக் குறிவைத்த குண்டு 8 அங்குலம் இறங்கினால் எங்கே போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

வளையும் மூக்கு வைத்த 30-30 தோட்டாக்களை ஹார்னடி நிறுவனம் 2000-களின் நடுவிலிருந்து செய்துவருகிறது. அவை கூராக இருந்தாலும் முனை ரப்பர் போல மெத்தென்று இருப்பதால் குழாயில் ஆபத்தில்லை. தூரத்திலும் கொஞ்சம் கூடுதல் பலன் உண்டு. ஆனால் சாதாரண கூர்மூக்குக் குண்டை யார் கொடுத்தாலும் அந்தக் குழாயில் போடாதீர்கள். வீட்டிலேயே தோட்டா தயாரிக்கும் நண்பர்கள் அன்போடு கொடுப்பார்கள். அன்போடு மறுத்துவிடுங்கள்.

நீங்கள் போகும் பாட்டர் கவுண்டி எனக்குத் தெரிந்த இடம். ஹெம்லாக் மரங்களும் லாரல் புதர்களும் நெருங்கிய மலைச்சரிவு. பல இடங்களில் 60 கஜத்துக்கு அப்பால் மானின் காதுகூடத் தெரியாது. நான் அங்கே சுட்டதும் என் வாடிக்கையாளர்கள் சுட்டதாகச் சொன்னதும் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான். அந்தத் தூரத்தில் 30-30 தன் வேலையைக் குறையின்றிச் செய்யும். 94 ஏறக்குறைய 3 கிலோதான். 20 அங்குலக் குழல். நடுவில் ஒரு கையால் பிடித்தால் உள்ளங்கையில் சமனாக உட்கார்ந்துகொள்ளும், அடியில் துருத்திக்கொண்டு மேகசின் (தோட்டாப் பெட்டி) எதுவும் இருக்காது. தொலைநோக்கி பொருத்திய செமி ஆட்டோமேட்டிக் நான்கு கிலோவை ஒட்டி வரும். காலையிலிருந்து மலை ஏறி இறங்கும்போது மாலை நான்கு மணிக்கு இந்த ஒரு கிலோவின் அருமை தெரியும். குடிலுக்குப் பக்கத்தில் பெரிய மக்காச்சோள வயல் இருந்து, அதன் ஓரத்தில் உட்கார்ந்து 250 கஜத்துக்குச் சுட வேண்டும் என்றால் என் பதில் மாறும். பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இடக்கை விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. லீவரை இயக்குவதில் இடம் வலம் கிடையாது. 1951-ல் செய்த 94 வெற்றுக் கூட்டை நேராக மேலே எறியும். செமி ஆட்டோமேட்டிக் பெரும்பாலும் வலப்பக்கம் எறியும். இடத்தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு அந்தச் சூடான கூடு கண்முன்னே கடந்து போகும். இடக்கைக்காரர்களுக்கென்றே செய்தவையும் உண்டு, தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் மேலே எறிவதால் வரும் சங்கடம் உங்கள் கண்ணைத்தான் பாதிக்கும். அந்தத் துப்பாக்கியின் தலைமேல் தொலைநோக்கி வைக்க முடியாது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது இந்தக் கண் விஷயம்தான். படிக்கக் கண்ணாடி தேவைப்படும் வயதில், குழலின் நடுவில் இருக்கும் பழைய பின் குறி மங்கலாகத் தெரியும். பின் குறியைத் தெளிவாக்கப் பார்த்தால் முன் குறி மங்கும். இரண்டையும் சேர்த்தால் மான் மங்கும். இதற்கு நல்ல வழி, கண்ணுக்கு அருகில், துப்பாக்கியின் உடம்பின் மேல் பொருத்தும் துளைக் குறி. சிறு வளையத்தின் வழியே பார்த்து முன் குறியை மானின் மேல் வைத்தால் போதும். வளையம் மங்கலாக இருப்பது நல்லதுதான், கண் தானாகவே நடுவைத் தேடிக்கொள்ளும். சில பழைய 94-களில் இதற்கான திருகுத் துளைகள் இடப்பக்கம் தொழிற்சாலையிலேயே போட்டிருக்கும். பெரியவருடையதில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அவசரப்பட்டுத் துளை போடாதீர்கள். 1964-ல் நிறுவனம் செலவைக் குறைக்கச் செய்முறையை மாற்றி, செதுக்கிச் செய்த பாகங்கள் சிலவற்றுக்குப் பதில் அச்சில் அடித்த பாகங்களைப் போட்டது. அதற்கு முந்தையவற்றைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள்; கைபடாத துப்பாக்கியில் ஒரு துளை அதன் மதிப்பைக் குறைத்துவிடும். முதலில் சுடுதளத்தில் 50 கஜத்திலும் 100 கஜத்திலும் இப்போதுள்ள குறியோடு சுட்டுப் பாருங்கள். ஒரு 8 அங்குல வட்டத்துக்குள் ஐந்து குண்டும் எப்போதும் விழும் தூரம் எதுவோ, காட்டில் அதுதான் உங்கள் எல்லை.

அந்தக் குறியோடு உங்களால் முடியவே இல்லை என்றால், கண்ணோடு சண்டை போட வேண்டாம். 1948-ல் வந்த மார்லின் 336 வெற்றுக் கூட்டைப் பக்கவாட்டில் எறியும். மேலே தொலைநோக்கி தாராளமாக உட்காரும். அதைவிடத் தூரமும் வேண்டும் என்றால் பிரவுனிங் பிஎல்ஆர். லீவர் துப்பாக்கிதான், ஆனால் குழாய்க்குப் பதில் கழற்றும் மேகசின் என்பதால் 308-ஐக் கூர்மூக்கோடு போடலாம். கையால் இயக்குவது என்பதால் பென்சில்வேனியா மானுக்குச் சட்டப்படி செல்லும். ஒரே துப்பாக்கிதான் என்ற உங்கள் கட்டுப்பாட்டுக்கு, கண் ஒத்துழைக்காவிட்டால், நான் கைகாட்டுவது இதைத்தான்.

இனி, 94-ல் என்னைப் பயப்படவைக்கும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் சேஃப்டி பித்தான் இல்லை. பின்புறம் வெளியே தெரியும் குதிரையை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்க அடிக்கும் சுத்தியலை, முழுதாகத் தூக்கியதற்கும் முழுதாக இறக்கியதற்கும் நடுவே ஒரு பாதி நிலையில் நிறுத்துவதுதான் பாதுகாப்பு. மான் வருகிறது என்று குதிரையை முழுதாகத் தூக்குகிறீர்கள். மான் போய்விடுகிறது. இப்போது தோட்டா உள்ளே இருக்கும்போதே குதிரையைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, விசையை இழுத்து, மெல்ல இறக்க வேண்டும். குளிரில் மரத்த விரல், தடித்த கையுறை, உள்ளே வெடிக்கத் தயாரான தோட்டா. விரல் வழுக்கினால் துப்பாக்கி சுட்டுவிடும். என் அறிவுரை: கையுறையைக் கழற்றுங்கள்; குழலை மண்ணைப் பார்த்துச் சாயுங்கள்; குதிரை நகரத் தொடங்கியவுடன் விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள், அப்போதுதான் பாதி நிலையின் பள்ளம் அதைப் பிடிக்கும். இதைப் பெரியவரை அருகில் வைத்துக்கொண்டு, தோட்டா இல்லாமல் நூறு முறையாவது செய்து பழகாமல் காட்டுக்குப் போகாதீர்கள்.

தோட்டாவை வெளியேற்றுவதிலும் செமி ஆட்டோமேட்டிக் எளிது: மேகசினை இறக்கி, போல்ட்டைத் திறந்து, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறையைப் பார்த்தால் முடிந்தது. 94-ல் ஒவ்வொரு தோட்டாவையும் லீவரை இயக்கி, துப்பாக்கிக்குள் ஏற்றித்தான் வெளியே தள்ள வேண்டும். விசையின் பக்கமே விரல் போகக் கூடாது. கடைசித் தோட்டா விழுந்த பிறகும் இன்னும் இரண்டு முறை இழுத்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தொட்டுப் பாருங்கள். வண்டியில் ஏறும் முன் இதைச் செய்தாக வேண்டும். பென்சில்வேனியாவில் அறை காலியாக இருந்தாலும் குழாயில் தோட்டா இருந்தால் அது நிரப்பிய துப்பாக்கிதான்.

உங்கள் மகளைப் பற்றி இரண்டே வரி. எந்தத் துப்பாக்கியானாலும் அது பூட்டிய இரும்பு அலமாரியில், தோட்டா வேறொரு பூட்டில், சாவி உங்களிடம். முதல் துப்பாக்கி வீட்டுக்குள் வரும் முன் அலமாரி வந்துவிட வேண்டும்.

டெக்சாஸ் பன்றி வேட்டைக்கு வருகிறேன். அங்கேதான் செமி ஆட்டோமேட்டிக் தன் பெயரைக் காப்பாற்றுகிறது. காட்டுப்பன்றி கூட்டமாக வரும், பயிரை ஒரே இரவில் உழுதுபோட்டுவிடும். நில உரிமையாளர்கள் எத்தனை சுட முடியுமோ அத்தனையையும் சுடச் சொல்வார்கள். முதல் குண்டில் கூட்டம் சிதறி ஓடும். ஓடும் கூட்டத்தின் மேல் தொலைநோக்கியை நகர்த்திக்கொண்டே அடுத்ததைக் குறிபார்க்கும்போது, கை லீவரைத் தேடிப் போகாமல் இருப்பது உண்மையான வசதி. ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை போகும் வேட்டைக்காகத் துப்பாக்கி வாங்க வேண்டியதில்லை. மைத்துனருடையதை அங்கேயே இரவல் வாங்கிச் சுடுங்கள். வேட்டைக்காகத் தற்காலிகமாக இரவல் கொடுப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் அனுமதிக்கிறது.

உங்கள் குடியேற்ற நிலையை எழுதவில்லை. நம்மவர்கள் பலர் எச்-1பி விசாவில் இருப்பதால் சொல்கிறேன். குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. அமெரிக்காவில் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. டெக்சாஸில் தனியார் நிலத்தில், உரிமையாளரின் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட 2019-லிருந்து உரிமம் தேவையில்லை. "உரிமமே வேண்டாம், சும்மா வா" என்று மைத்துனர் சொல்வது அவருக்குச் சரியாக இருக்கலாம். நீங்கள் விசாவில் இருந்தால் உங்களைக் காப்பது உங்கள் பையில் இருக்கும் பென்சில்வேனியா உரிமம்தான். அது காலாவதியாகும் நாளைக் குறித்துவைத்துக்கொண்டு, ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் புதுப்பியுங்கள். கிரீன் கார்டு இருந்தால் இந்தக் கவலை இல்லை. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுவது நல்லது. பெரியவரிடம் வாங்குவதையும் உரிமம் பெற்ற ஒரு கடை வழியாகப் பதிவுசெய்து வாங்குங்கள், இருவருக்கும் நல்லது.

ஆகவே, பெரியவரின் 94-ஐப் பார்க்கப் போங்கள். விலை பேசும் முன் இவற்றைக் கவனியுங்கள். துப்பாக்கி காலி என்று நீங்களே உறுதிசெய்த பிறகு லீவரைத் திறந்து, அறையின் வாயில் ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்து வைத்து, குழல் வாய் வழியாகப் பாருங்கள். குழலின் உட்சுவரில் வெட்டிய வரிகள் கூராக, பளபளவென்று வாய் வரை சுற்றி வர வேண்டும். கறுத்த குழிகள் இருந்தால் யோசியுங்கள். குதிரையைப் பாதி நிலையில் வைத்து, கட்டைவிரலால் முன்னுக்கு அழுத்துங்கள். விசையையும் இழுத்துப் பாருங்கள். குதிரை விழவே கூடாது. விழுந்தால் பழுதுபார்க்காமல் அதில் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். திருகுகளின் தலை மென்று தின்றது போல இருந்தால் யாரோ பழகாதவர் கழற்றியிருக்கிறார் என்று பொருள். வாங்குவது என்று முடிவானால், சுடும் முன் ஒரு துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்து, போல்ட் மூடியபின் தோட்டாவுக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள். அதற்கென்று இருக்கும் அளவுகோல்களை வைத்துச் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார்.

தலையிலும் மார்பிலும் முதுகிலுமாக 250 சதுர அங்குலம் ஆரஞ்சு நிறம் தெரிய வேண்டும் என்ற விதி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். தொப்பியையும் மேலாடையையும் இப்போதே வாங்கிவிடுங்கள், பருவம் நெருங்கினால் அளவு கிடைக்காது.

பெரியவரிடம் மறக்காமல் ஒன்று கேளுங்கள். கடைசியாக அவர் எந்தத் தோட்டாவை வைத்து அந்தக் குறியைச் சரிசெய்தார், 150 கிரெயினா 170 கிரெயினா, எந்த நிறுவனத்துடையது என்று. இரண்டும் ஒரே இடத்தில் விழுவதில்லை. அந்தப் பெட்டியில் மிச்சம் இருந்தால் அதையும் சேர்த்து வாங்கிக்கொண்டு, முதல் முறை சுடுதளத்துக்குப் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள்.